மூன்று காலிக் கட்டங்கள்

கடலோரத்தில் அலை அளக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மாசிலாமணிக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஐம்பத்து நாலு வயதில் அவர் கணினி கற்க மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஆசிரியை மைமூன் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. புயல் வந்தால் சங்குமேட்டில் கடல் எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் கணினி நிரலை எந்த மொழியில் எழுதுவது? அது சொல்லும் எண்ணை வைத்துத்தான் அங்குள்ள நூற்று நாற்பது குடும்பங்களை மழைக்கு முன் இடம் மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். சங்குமேட்டுக் கரையின் உயரம் இரண்டு மீட்டர்.

ஒரே கணக்கை அவர் ஃபோர்ட்ரான், சி, பைத்தான் என்று மூன்று கணினி மொழிகளில் எழுதிப் பார்த்தார். தான் தேடுவது நல்ல மொழியையா, தனக்குப் பழகிய மொழியையா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

"டீச்சர், எந்த மொழி நல்ல மொழி?"

"ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். ஃபோர்ட்ரான் நாலு நிமிஷம். ஒண்ணு புள்ளி நாலு மீட்டர்ங்குது. சி மூணே நிமிஷம். ஒண்ணு புள்ளி எட்டு. எப்படியும் கரைக்குக் கீழதான்."

"ரெண்டும் ஏன் ஒத்துப்போகல?"

"தசமப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வெட்டும்ல."

"நாப்பது சென்டிமீட்டரா வெட்டும்? முழங்கால் அளவு இருக்கே சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பைத்தான் என்ன சொல்லுச்சு?"

"ஒரு மணி நேரம் ஓடிட்டு, 'எண் இல்லை'ன்னு நிக்குது. அதைக் கழிச்சிட்டேன். வேலை செய்யாத ஆளை எதுக்கு வச்சுக்கணும்?"

"எந்த இடத்துல நின்னுச்சு?"

அதை அவர் பார்க்கவில்லை. இப்போது திறந்து பார்த்தார். போன வருடம் நவம்பர் பதினொன்று. கடல்மட்டம் பார்க்கத் துறைமுகத்தில் நட்டிருந்த அளவுகோல் கம்பத்தின் கணக்கில், மதியம் இரண்டு, மூன்று, நான்கு மணிக்கான கட்டங்கள் காலியாக இருந்தன.

"மத்த ரெண்டும் இங்க என்ன பண்ணுச்சுன்னு பாருங்க."

பார்த்தார். ஃபோர்ட்ரான் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று வாசித்திருந்தது. சி, ஒரு மணிக்கு இருந்த அளவையே மூன்று முறை திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

மாசிலாமணிக்குக் காது சூடானது.

"சராசரி போட்டு நிரப்பிடட்டுமா டீச்சர்?"

"கம்பத்தைப் பாத்து எழுதுறது யாரு?"

"லாசர் அண்ணன். அப்ப டீ குடிக்கப் போயிருப்பாரு."

மைமூன் அவருடைய போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாலைந்து முறை மணி அடித்த பிறகு லாசர் எடுத்தார்.

"அண்ணே, போன நவம்பர் பதினொண்ணாந்தேதி, மத்தியானம் மூணு கட்டம் எழுதாம விட்டிருக்கீங்க. எங்க போனீங்க?"

"எங்க போக? மழையில அங்கனதான் நின்னேன். கம்பமே தண்ணிக்குள்ள போயிட்டு சார். கோடு தெரிஞ்சாத்தானே எழுத முடியும்?"

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணே."

"யாரும் கேக்கலையே சார்."

போனை வைத்த பிறகும் மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் கம்பத்தையே மூழ்கடித்த அந்த மூன்று மணி நேரத்தைச் சேர்க்காத ஒன்று புள்ளி நாலும் ஒன்று புள்ளி எட்டும் திரையில் அப்படியே நின்றன. தான் கழித்துப் போட்ட பைத்தான் நிரலைத் தேடி எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு மைமூன் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லட்டும் டீச்சர்? எதுல எழுத?"

"எதுல வேணும்னாலும் எழுதுங்க சார்," என்றாள் மைமூன். "முதல் வரியில லாசர் அண்ணன் போன் நம்பரைப் போட்டு வையுங்க."