அண்ணாச்சி கடைப் பொன்மொழி

தூத்துக்குடியில் அதிசயராஜ் அண்ணாச்சிக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. விற்கிற பெண்கள் உட்கார அங்கே ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. ஆனால் தினமும் மதியம் மைக்கில் ஒரு பொன்மொழி உண்டு. அன்றைக்கு, "விழுந்தால் எழு, எழுந்தால் ஓடு!" என்று முழங்கினார்.

சேலைப் பிரிவில் கால் கடுக்க நின்ற பேச்சிக்கனி, "அய்யோ, ஆரம்பிச்சுட்டாரு" என்று முனகியது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அப்போ நீயே ஒண்ணு சொல்லு. கேட்டதும் எல்லாருக்கும் சோர்வு போகணும். போகலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று மைக்கை நீட்டினார்.

பேச்சிக்கனி வாங்கிக்கொண்டாள். "விழுந்தால் எழு. எழுந்தால் நில். நின்றால், நின்றுகொண்டே இரு. இங்கே ஸ்டூல் கிடையாது!"

பெண்கள் சிரித்தார்கள். முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருந்த கல்யாண வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இதுல என்ன தத்துவம் இருக்கு?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"ஒண்ணுமே இல்லை அண்ணாச்சி. அதனாலதான் சோர்வு போச்சு. இத்தனை நாளும் தத்துவம் கேட்டுத்தான் சோர்ந்து கிடந்தோம்."

கல்யாண வீட்டார் பார்த்துக்கொண்டிருந்ததால், "ஸ்டூல் வரும்" என்று அண்ணாச்சி மைக்கிலேயே சொல்லிவைத்தார். மறுவாரம் ஸ்டூல்கள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும், 'ஓய்வே உன் எதிரி' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

பெண்கள் அந்த எதிரியின் மேலேயே நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.