வடக்குத் தோப்பு வந்திருக்கிறது

கண்ணுகளா, வகுப்பில் டீச்சர் பெயர் வாசிக்கும்போது, வராத பிள்ளைக்காக வேறு யாரோ "உள்ளேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அப்படிச் சொன்னது யாரென்று திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒருவருமே இல்லையென்றால்?

ஒரு காட்டில் நான்கு பள்ளிகள் இருந்தன. ஆற்றங்கரைப் பள்ளி, பாறையடிப் பள்ளி, மூங்கில்காட்டுப் பள்ளி, வடக்குத் தோப்புப் பள்ளி. நான்குக்கும் சேர்த்து ஒரு விளையாட்டுக் குழு. வருடம் ஒரு ஓட்டப்போட்டி. எந்தப் பள்ளிப் பிள்ளை ஜெயிக்கிறதோ, அந்தப் பள்ளியில்தான் பத்து நாள் பயிற்சி முகாம். ஓடிய பிள்ளைகள் எல்லாரும் ஜெயித்த பிள்ளையின் பின்னால் அன்றைக்கே கிளம்பிப் போய்விட வேண்டும்.

குழுவுக்குத் தலைவர் மயில். கூட்டம் கூடினால் போதும், தோகை தானாக விரிந்துவிடும். செயலாளர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், ஆனால் உள்ளே ஒரே பயம். யாராவது தும்மினால்கூடப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

விதிகளை எழுதியது அழுங்குதான். "ஓடுகிறவர் எல்லாரும் ஈரக் களிமண்ணில் முன்னங்காலைப் பதிக்க வேண்டும். தடம் பதியாதவர் ஓடியதாகக் கணக்கில்லை" என்பது அதில் ஒன்று. ஒரு வருடம் கொம்பு முளைத்த கிழட்டு ஆடு ஒன்று குட்டி வேஷம் போட்டு ஓடி, ஒரு முயலின் காலை மிதித்து ஒடித்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த விதி. தடத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும் அல்லவா?

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டுமானால், அந்தப் பள்ளி ஆசிரியரே வந்து கைநாட்டு வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் கோடைத் தீயில் வடக்குத் தோப்பு முழுக்க எரிந்துபோனது. ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை, ஆசிரியரும் மிஞ்சவில்லை. கைநாட்டு வைக்க யார் வருவார்? ஆகவே பெயர் அப்படியே இருந்தது. வருடா வருடம் அழுங்கு குனிந்த தலை நிமிராமல் "வடக்குத் தோப்பு" என்று வாசிக்கும். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். "வரவில்லை" என்று எழுதிக்கொண்டு மேலே போகும்.

அந்த வருடம் போட்டியன்று விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. அழுங்கு பட்டியலை எடுத்தது.

"ஆற்றங்கரை?"

"வந்திருக்கிறோம்!"

"பாறையடி?"

"வந்திருக்கிறோம்!" தாழை என்ற மான்குட்டிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தியது. அதன் அம்மா பக்கத்தில் நின்று காதை நக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

"மூங்கில்காடு?"

"வந்திருக்கிறோம்!"

"வடக்குத் தோப்பு?" என்று வாசித்து, "வரவில்லை" என்று எழுதக் குனிந்தது அழுங்கு.

"வந்திருக்கிறோம்."

மெதுவான குரல். பனிக்குள்ளிருந்து ஒன்று நடந்து வந்தது. கன்று மாதிரியும் இருந்தது, குட்டி மாதிரியும் இருந்தது. கிட்டே வரவர அணைந்த அடுப்பின் வாடை வீசியது.

அழுங்கு மயிலின் பக்கம் திரும்பியது. "த... தலைவரே, இதன் தடத்தை வாங்கவில்லையே?"

"அட, பிறகு வாங்கிக்கொள்ளும்!" என்றது மயில். "மூன்று வருடமாக வராத பள்ளி வந்திருக்கிறது. அதுவே எனக்குப் பெருமை! கூட்டம் காத்திருக்கிறது. ஓடவிடும்!"

மரங்கொத்தி மரத்தைத் தட்டியது. பிள்ளைகள் பாய்ந்தன.

தடதடவென்று எல்லாக் காலடியும் கேட்டது. ஒன்றின் காலடி மட்டும் கேட்கவில்லை. அழுங்கு புல்லைப் பார்த்தது. மற்றவர்கள் ஓடிய வழியெல்லாம் பனித்துளி சிதறிக் கிடந்தது. அந்தப் பிள்ளை ஓடிய வழியில் ஒவ்வொரு துளியும் வைத்தது வைத்தபடி நின்றது.

அந்தப் பிள்ளைதான் முதலில் வந்தது. இரண்டாவது தாழை.

"வடக்குத் தோப்புக்கு வெற்றி! முகாம் வடக்குத் தோப்பில்!" என்று மயில் அறிவித்தது.

"பிள்ளைகளை அனுப்புங்கள்" என்றது அந்தக் குரல்.

குட்டிகள் ஒவ்வொன்றாய் வந்து அதன் பின்னால் வரிசையாக நின்றன. ஒன்றும் பேசவில்லை, ஒன்றையொன்று தள்ளவில்லை. பிள்ளைகள் தள்ளாமல் வரிசையில் நின்றால் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம்?

"தாழை! ஏ தாழை!" அம்மா மான் கூப்பிட்டது. தாழை திரும்பவே இல்லை.

அம்மா மான் அழுங்கிடம் ஓடியது. அங்கே அழுங்கு இல்லை, ஒரு பந்துதான் இருந்தது. மான் அதை மூக்கால் உருட்டியது.

"ஐயா! நீர் சுருண்டுகொண்டால் விதியும் சுருண்டுகொள்ளுமா? எரிந்த தோப்பில் என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? எழுதத் தெரிந்த உமக்குச் சொல்லத் தெரியாதா?"

பந்து கொஞ்சம் பிரிந்தது. ஒரு கண் தெரிந்தது. வரிசை நகரத் தொடங்கியிருந்தது.

"நில்லுங்கள்!" என்றது அழுங்கு. குரல் கிரீச்சென்று வந்தது, இருந்தாலும் வந்துவிட்டது.

மயில் சிடுசிடுத்தது. "முடிவு சொன்ன பிறகு ஆட்சேபனை செல்லாது. நீர் எழுதினதுதானே ஐயா?"

"இது ஆட்சேபனை இல்லை தலைவரே. தடம் பாக்கி. பிறகு வாங்கிக்கொள்ளச் சொன்னது நீங்கள்தான். இதோ, இப்போது வாங்குகிறேன்."

களிமண் தட்டைக் காலால் அதன் முன்னால் தள்ளி வைத்தது.

அந்தப் பிள்ளை முன்னங்காலைக் களிமண்ணில் வைத்தது. எடுத்தது. மண் குளத்து நீர் மாதிரி மட்டமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்து, கண்ணு" என்றது அழுங்கு. பயத்திலும் அதற்குப் பாவமாக இருந்தது.

"அழுத்துகிறேன்."

மறுபடியும் ஒன்றும் பதியவில்லை. அந்தப் பிள்ளை தன் காலைத் தூக்கி வெகுநேரம் பார்த்தது. இப்போதுதான் தெரிந்துகொண்டது போல, "அப்படியா?" என்றது.

"தடம் பதியாதவர் ஓடியதாகக் கணக்கில்லை" என்றது அழுங்கு மெல்ல. "ஓடாதவர் யாரையும் அழைத்துப் போக முடியாது."

காற்று வீசியது. பனி கிழிந்தது. அங்கே ஒரு கைப்பிடிச் சாம்பல் மட்டும் கிடந்தது. மயிலின் தோகை பட்டென்று மூடிக்கொண்டது. "இரண்டாவதாக வந்த பாறையடிக்கே... வெற்றி" என்று முனகிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

குட்டிகள் கண்ணைக் கசக்கின. ஒன்றையொன்று தள்ளின. "அம்மா, பசிக்குது!" என்று தாழை ஓடி வந்தது.

பசிக்குது என்று கத்துகிற பிள்ளை நம் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் தாழையின் உடம்பில் லேசாக அடுப்பு வாடை அடித்தது. அம்மா மான் முகர்ந்து பார்த்தது. மறுபடியும் முகர்ந்து பார்த்தது. பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் அழுங்கின் பக்கம் குனிந்து சொன்னது:

"ஐயா, கோபித்துக்கொள்ளாதீர். அந்தத் தட்டை இப்படிக் கொஞ்சம் தள்ளும். எதற்கும் என் பிள்ளையின் காலையும் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிடும்."

நீதி: கண் பார்க்காமல் வாய் மட்டும் வாசிக்கிற பட்டியலில் எதுவும் நுழைந்துவிடும்.