கறுப்பு மையில் போட்ட மதில்

அமலோற்பவம் அம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பெரியாஸ்பத்திரியின் பெண்கள் வார்டில். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளை தின்றுவிட்டு, மீதியை என் கையிலேயே திருப்பி வைத்தார். "நீங்க சாப்பிடுங்க" என்றார்.

எங்கள் ஊருக்கு நகரமைப்பு அதிகாரியாக இருந்தவர். என்னைவிட இளையவர். நான் அவரிடம் ரோடு, கட்டடங்களுக்குப் படம் வரைகிறவனாக இருந்தேன். எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் அவரிடம் கற்றது.

அப்போது கடைத்தெருவிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே சந்துதான். வேன் நுழையாது. வலி கண்ட பெண்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருத்தி பாதி வழியிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் ரோடு போட உத்தரவு வந்தது.

ரோடு போகிற வழியில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். பக்கத்தில் வாய்க்கால். கரையில் ஒரு பழைய மருத மரம்.

நான் இரண்டு படம் போட்டேன். ஒன்றில் ரோடு நேராகப் போனது. கல்லும் மரமும் இல்லை. இன்னொன்றில் கல்லும் மரமும் இருந்தன. வேன் போக இடமில்லை.

"இதுல எதைம்மா வைக்கறது?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்குங்க. போய்ப் பார்ப்போம்."

கீரை விற்கிற காத்தாயி கூடையைச் சுமைதாங்கியின் மேல் வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"மரத்தடியில நிக்காதீங்க சார். மேல மடையான் கொக்குக் கூடு. சட்டையில கோடு போட்டுடும்."

அம்மா சிரித்தார். "இது யாருக்கு வச்ச கல்லு, காத்தாயி?"

"எங்க பெரியாத்தாவுக்கும்மா, எங்காத்தாளோட அக்கா. வயித்துப் புள்ளையோட போயிட்டா. அவளால இறக்க முடியாத சுமைய ஊரு இறக்கி வைக்கட்டும்னு நட்டது."

"இங்கதான் ஆஸ்பத்திரி ரோடு வருது."

காத்தாயி கல்லை ஒருமுறை தொட்டாள். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எம்மவளுக்கு இது எட்டாம் மாசம். கல்ல எடுத்துக்குங்கம்மா. பெரியாத்தா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கல்லைச் சுற்றிக் குறி போடக் குனிந்தேன்.

"இருங்க," என்றார் அம்மா. "எதிர்ப்பக்கம் என்ன இருக்கு?"

"நம்ம ஆபீஸ் மதில். உள்ளே உங்க குவார்ட்டர்ஸ்."

"படத்துல அதை எப்படிப் போட்டீங்க?"

"கறுப்பு மையில."

எங்கள் ஆபீஸில் அதுதான் பழக்கம். அரசாங்கக் கட்டடங்களை முதலிலேயே மையால் போட்டுவிடுவோம். ஊரைப் பென்சிலால் போடுவோம். அழிக்க வேண்டி வரும் என்று.

அம்மா என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். கேட்டைத் திறந்து உள்ளே போனார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தான் வைத்த பவழமல்லிச் செடிகளின் குறுக்கே சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே நடந்தார். கோடு முன்னறைச் சுவரில் முட்டியது. சுவரிலும் ஒரு கோடு இழுத்தார்.

காத்தாயி கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். "இடிச்சுட்டா எங்க படுப்பீங்கம்மா?"

"பின்னாடி ஒரு அறை இருக்கே."

நான் தாழ்ந்த குரலில் சொன்னேன். "மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்கம்மா. கவர்மென்ட் கட்டடத்தைப் போய் எப்படிக் கேக்கறது?"

அம்மா கையைத் தட்டிச் சுண்ணாம்பை உதிர்த்தார்.

"காத்தாயிகிட்ட கேட்டோமே, அப்படித்தான்."

நான் ஆபீஸுக்குப் போய், மதிலைப் பென்சிலால் போட்டு மூன்றாவதாக ஒரு படம் வரைந்தேன்.

ரோடு முடிவதற்குள் காத்தாயிக்குப் பேரன் பிறந்துவிட்டான். அடுத்த பிரசவத்துக்கு மகள் வேனில் போனாள். பேத்தி.

ரோடு அந்த இடத்தில் கல்லையும் மரத்தையும் விட்டு வளைந்துதான் போகிறது. குவார்ட்டர்ஸில் ஒரு அறையும் சமையல்கட்டும்தான் மிச்சம்.