ஏழாவது கற்படுக்கை

கருங்குன்றின் செங்குத்தான முகத்தைக் குடைந்து சமணத் துறவிகள் தாங்கள் தங்க ஒரு பள்ளி அமைத்திருந்தார்கள். பாறையிலேயே செதுக்கிய பன்னிரண்டு படுக்கைகள், மழைநீர் தேங்க ஒரு சுனை, ஏறி வர நூற்றுச் சொச்சம் படிகள். அவ்வளவுதான் பள்ளி. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் அந்தப் படிகளில் ஒரு பெண் ஏறி வந்தாள்.

சேந்தி என்று பெயர். கடலோரத்து உப்பளத்தில் வேலை. ஒரே மகன் கொற்றன் வீட்டை விட்டுப் போய்த் துறவியாகி ஐந்து வருடம். அவன் இந்தக் குன்றில் இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, எட்டு நாள் நடந்து வந்திருந்தாள்.

வாசலில் நின்ற சிரிபாலர், முகத்தைப் பார்த்ததுமே அவள் யாரென்று தெரிந்துகொண்டார். அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி.

சிரிபாலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குதிரை வாணிகத்தை விட்டுவிட்டுப் பிந்தித் துறவு பூண்டவர். அவருடைய ஆசிரியர் சுபநந்தி அடிகளோ அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"என் மகனைப் பார்க்கணும் சாமி. கூட்டிட்டுப் போக வரலை. பார்த்துட்டுப் போயிடுவேன்."

சிரிபாலர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அடிகள்தான் உள்ளிருந்து வந்து சொன்னார்.

"உன் மகன் போய்விட்டான், அம்மா. குளிர்சுரம். உயிர் போய் இன்றைக்கு நாலாம் நாள்."

சேந்தி அழவில்லை. சொன்னது வேறு யாருக்கோ என்பதுபோல நின்றாள்.

"எங்கே படுத்திருந்தான்?"

ஏழாவது படுக்கையைக் காட்டினார்கள். அவள் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கல் சில்லிட்டிருந்தது. தலைமாட்டில் செதுக்கியிருந்த மேட்டைத் தடவினாள்.

"தலைக்கும் கல்லுதானா?"

"ஆமாம்."

"ஒண்டியாவா கிடந்தான்?"

"இல்லை. சிரிபாலர் கூடவே இருந்தார்" என்றார் அடிகள்.

அவள் சிரிபாலர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில என்னைக் கூப்பிட்டானா சாமி?"

கூப்பிட்டான். சுரம் ஏறிய மூன்றாம் நாள், சிரிபாலரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சிரிபாலர் அவன் காதருகே குனிந்து, "துறவிக்குத் தாய் இல்லை. மனத்தை அடக்கு" என்றார். அப்படிச் சொல்வதுதான் முறை. அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. விடிந்தபோது உயிர் இல்லை.

சிரிபாலர் அடிகளைப் பார்த்தார். அடிகளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, தாயே. எல்லாப் பற்றையும் அறுத்துவிட்டுத்தான் போனார். யாரையும் கேட்கவில்லை. நீ பெருமைப்பட வேண்டும்" என்றார் சிரிபாலர்.

"சரி" என்றாள் சேந்தி. கல்லை இன்னொரு முறை தடவிவிட்டு, "நல்ல துறவிதான்" என்றாள்.

கையை என்ன செய்வதென்று தெரியாதவள்போல நின்றாள். பிறகு நனைந்த முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படிகளில் இறங்கத் தொடங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் சிரிபாலர் அடிகள் பக்கம் திரும்பினார்.

"அடிகளே, பொய் சொல்லிவிட்டேன்."

"கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

"சாகும்போது தாயைத் தேடினான் என்று எப்படிச் சொல்வது? அவன் தவத்துக்கே இழுக்கல்லவா?"

"அவன் தவத்துக்கா?"

சிரிபாலர் தலை குனிந்தார்.

"நான் அவன் வாயை அடைத்ததையும் சொல்ல வேண்டிவரும்."

"வரும்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே."

"அவன் பிடித்தது உங்கள் கையை."

அடிகள் சுவரோரம் இருந்த மயிற்பீலியை எடுத்து வந்தார். மழைக்குப் படியெல்லாம் எறும்பும் புழுவும் ஊரும்; அவற்றை ஒதுக்காமல் துறவி கால் வைக்கக் கூடாது. பீலியைச் சிரிபாலரின் கையில் கொடுத்தார்.

"வழுக்கும். அவள் மெதுவாகத்தான் இறங்குவாள். பாதிப் படிகூடத் தாண்டியிருக்க மாட்டாள்."

"இப்போது போய்ச் சொன்னால் நெஞ்சு வெடித்து அழுவாளே, அடிகளே!"

"அவனைத்தான் நாம் அழவிடவில்லை. அவளையாவது அழவிடுங்கள்."