ஓடக்காரனை விட்டுப் போன துறை

ஆறுகள் தங்கள் இஷ்டத்துக்கு வழி மாற்றிக்கொண்டு ஓடிய காலத்திலே, மேழிபுரம் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் எதையும் ஓலையில் எழுதிவிட்டால் அது நடந்துவிட்டது என்று நம்புகிறவர்.

அந்த நாட்டிலே குப்பாண்டி என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். ஆற்றுத் துறையில் ஆட்களைக் கரை சேர்ப்பது அவன் வேலை. அரண்மனை அவனுக்கு இட்ட கட்டளை ஒரே வரிதான்: "உயிருள்ளவரை துறையை விட்டு நீங்காதே, நீங்கினால் தலை போகும்." மாதம் தவறாமல் சம்பள நெல் வந்துவிடும்.

அவன் கஞ்சியில் கை வைக்கும்போதுதான் அக்கரையிலிருந்து "ஓடக்காரரே, ஓய்!" என்று யாராவது கூப்பிடுவார்கள். "இவனுங்களுக்கு நேரங்காலமே கிடையாதா?" என்று முணுமுணுத்தபடி கோலை எடுப்பான்.

ஓர் ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆற்றைக் காணோம்! ஒரு காத தூரம் தெற்கே தள்ளிப் புது வழியில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மிஞ்சியது மணலும் ஓடமும் குப்பாண்டியும்தான்.

தண்ணீர் போன பிறகு ஊர் நிற்குமா? முதலில் மீன் பிடிக்கிறவர்கள் போனார்கள். பிறகு தோட்டம் போட்டவர்கள் போனார்கள். கடைசியில் அவன் பெண்சாதி பூவாயியும் சட்டிபானையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நீயும் வாயேன்" என்றாள்.

"தலை போயிடும், பூவாயி."

"அப்ப உன் வேலையைக் கட்டிக்கிட்டு நீயே அழு. நான் தண்ணி இருக்கிற இடத்துக்குப் போறேன்."

அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்து நின்றான். அவள் பார்க்கவில்லை.

கட்டளைகளையெல்லாம் எழுதிக் காப்பவர் ஓலை நாயகம். ஓடக்காரன் இடத்தில் இருக்கிறானா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை பல்லக்கில் வருவார். முதல் வருஷம் குப்பாண்டி அவரிடம் சொன்னான்: "சாமி, இங்கே ஆறு இல்லீங்களே."

"ஆறு உன் பொறுப்பில்லையப்பா. துறைதான் உன் பொறுப்பு" என்றார் ஓலை நாயகம்.

இரண்டாம் வருஷம், "நெல்லே வேண்டாம் சாமி, என்னை விட்டுடுங்க" என்றான்.

"விடுவதாக ஓலையில் எழுதவில்லையே."

மூன்றாம் வருஷம் காலில் விழுந்தான். "வேறே ஏதாவது வேலை குடுங்க சாமி. குதிரைச் சாணம் அள்ளுறேன்."

"நீ போய்விட்டால் துறை காலியாகிவிடும். அப்புறம் ராஜாவுக்கு யார் பதில் சொல்வது?" பல்லக்கு போய்விட்டது.

வேலை இல்லை, சோறு உண்டு. கேட்கிறவர்களுக்குச் சுகமான பிழைப்பாகத்தான் தோன்றும். குப்பாண்டி முதலில் தூங்கிப் பார்த்தான். பிறகு ஓடத்தோடு பேசிப் பார்த்தான். பிறகு ஒருநாள் வெறும் மணலைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய், "ஓடக்காரரே, ஓய்!" என்று கூப்பிட்டான். உடனே இந்தக் கரைக்கு ஓடிவந்து, "இதோ வாரேன், வாரேன்!" என்று பதில் கொடுத்தான். சிரிக்காதீர்கள். கூப்பிட ஆளில்லாதவன் வேறென்ன செய்வான்? அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

நாலாம் வருஷம் கோடையில், புளிக்கூடை சுமந்த ஒரு பெண் தெற்கேயிருந்து மணலில் நடந்து வந்தாள். மனித முகம் கண்டதும் குப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏறி உட்காரம்மா! காசு வேண்டாம்."

"மணல்ல எங்கேண்ணே ஏறி உட்கார்றது?" என்று சிரித்தவள், ஓடத்தைத் தடவிப் பார்த்தாள். "இது எங்க புதுத்துறையில இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்! பானையைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டுல்ல அக்கரைக்கு நீந்துறோம். போன மழைக்கு மூணு பேரை ஆறு கொண்டுபோயிடுச்சு."

குப்பாண்டி ஓர் அடி முன்னால் வந்தான். "பூவாயின்னு ஒருத்தி..."

"அந்த அக்கா இருக்குண்ணே. அதுவும் பானையோடதான் தினம் களையெடுக்கப் போகுது."

அவள் போன பிறகும் ஒரு சொல் அவன் காதிலேயே நின்றது. புதுத்துறை! அப்படியென்றால் துறை அங்கேயல்லவா இருக்கிறது?

ஓடத்து விரிசல்களில் கந்தலைத் திணித்துக் குங்கிலியம் பூசினான். பனந்துண்டுகளை உருளைகளாக அடியில் கொடுத்துத் தனியாளாக இழுத்தான். முதல் நாள் கை உரிந்தது. இரண்டாம் நாள் தோள் உரிந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

பூவாயி அப்போது பானையைப் பிடித்துக்கொண்டு நடு ஆற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தாள். குப்பாண்டி ஓடத்தைத் தள்ளிப் போய் அவளைத் தூக்கி ஏற்றினான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அவன் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு அவள் அழுதாள்.

செய்தி அரண்மனைக்கு எட்டாமலிருக்குமா? ஒரே மாதத்தில் குப்பாண்டியைக் கட்டிக் கொண்டுபோய் ராஜா முன்னால் நிறுத்தினார்கள்.

"துறையை விட்டு ஏன் போனாய்?" என்றார் ராஜா.

"மகராசா, நான் துறையை விடலீங்க. துறைதான் என்னை விட்டுப் போயிடுச்சு. பின்னாலேயே போய்ப் பிடிச்சுக்கிட்டேன்."

"வார்த்தையில் விளையாடுகிறான்!" என்று ஓலை நாயகம் துள்ளினார். "துறை எந்த இடம் என்று ஓலையிலேயே இருக்கிறது."

"அப்போ ஐயா அந்த இடத்துலேயே இறங்கி அக்கரைக்கு நடக்கட்டுங்க. பாதம் நனைஞ்சாலும் என் தலையை எடுத்துக்குங்க."

ராஜா ஓலை நாயகத்தைப் பார்த்தார். ஓலை நாயகம் ஓலையைப் பார்த்தார். சபையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"சரி, அவன் தலை பிழைத்தது" என்ற ராஜாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "நாலு வருஷம் சும்மா உட்காரவைத்து நெல் அளந்தேனே, அதில் உனக்கு என்னப்பா குறை?"

குப்பாண்டி ராஜாவை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒருநாள்கூடப் பசிக்கலீங்க, மகராசா. ஆனா ஒருநாள்கூட யாரும் என்னைத் தேடலீங்களே."

ராஜா எழுந்து வந்து தம் கையாலேயே அவன் கட்டை அவிழ்த்துவிட்டார்.

கேட்டீர்களா, சோறு போட்டு ஒருவனைச் சும்மா உட்காரவைப்பது தருமமாகாது. அவன் தேவைப்படுகிற இடத்துக்கு அவனைப் போகவிடுவதே தருமம்.