இடிந்த மண்டபம் தாண்டி இடது பக்கம்

மணவாரிக்கோட்டைத் தலைநகரத்தில் பூசின சுண்ணாம்பு காய்வதற்குள் அடுத்த சுண்ணாம்பு குழைத்துவிடுவார்கள். ராஜா பூவணராயரின் அப்பா வெறும் பொட்டலில் எழுப்பிய ஊர் அது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வியாதி. கட்டுவார்கள், பிடிக்காது, இடிப்பார்கள். திசை சரியில்லை என்று யானைக் கொட்டடி போனது. தவளைச் சத்தம் தாங்கவில்லை என்று ராணி சொன்னதால் குளம் தூர்ந்தது. பிரதானி நாகண்ணர் கட்டிய பெரிய மண்டபத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை. அதுவாகவே விழுந்தது.

ராஜாவின் சபையில் சட்டையப்பன் என்று ஒருவன் இருந்தான். மாட்டுச் சந்தைத் தரகன். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிப் பேசியே அரண்மனை வரைக்கும் ஏறி வந்தவன். படித்ததெல்லாம் உதைபட்டுப் படித்தது. கோபம் மட்டும் கேட்காமலே வரும்.

ஒருநாள் ராஜா முகம் சிவக்க அவனைக் கூப்பிட்டார். ராணியின் அண்ணன், வீரைநல்லூர் அரசர் மாவலித்தேவர், முதல் தடவையாக இந்த ஊருக்குப் பொங்கலுக்கு வருகிறாராம். இரண்டு அரண்மனைக்கும் ஒரு பழக்கம் உண்டு. பந்தியில் எந்த அரசனின் தலைநகரம் பழசோ அவனுக்குத்தான் முதல் இலை. வீரைநல்லூரோ எழுநூறு வருஷத்து ஊர்.

"என் வீட்டுப் பந்தியில் எனக்கு இரண்டாவது இலையா? மச்சான் வருவதற்குள் இந்த ஊருக்கு வயசு ஏறியாக வேண்டும். அவன் முதல் இலையில் உட்கார்ந்தால், நீ பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தைக்கே போய்விடு."

"கிழட்டு மாட்டை இளசு என்று விற்றிருக்கிறேன், மகாராஜா. இளசைக் கிழடாக்கிக் கொடு என்று இதுவரை எவனும் கேட்டதில்லை."

சட்டையப்பன் கிளம்பினால் அவன் வீட்டை வளைத்துப் போடலாம் என்று பிரதானிக்கு வெகுநாள் ஆசை. அதற்குள் தானே ஊரைக் கிழடாக்கிக் காட்டுகிறேன் என்று அவர் முந்திக்கொண்டார். பாசி பிடிக்கட்டும் என்று அரண்மனைச் சுவர் முழுக்க உப்புமோர் பூசினார். ஊர் ஆடெல்லாம் திரண்டு வந்து நக்கியதில் சுவர் முன்னைவிடப் பளபளத்தது. சிலைக்கு மூக்கு உடைந்தால் பழசாகத் தெரியும் என்று சுத்தியலோடு ஆளை அனுப்பினார். அவன் முதலில் உடைத்தது ராஜாவின் அப்பா மூக்கை. சட்டையப்பன் சொல்லித்தான் செய்தேன் என்று பிரதானி சபையில் கூசாமல் சொன்னார்.

சட்டையப்பனுக்கு உச்சந்தலை கொதித்தது. அதே கோபத்தோடு கடைத்தெருவுக்குப் போய், செக்குக்காரர் எங்கே கடையை மாற்றிவிட்டார் என்று ஒரு பூக்காரியைக் கேட்டான். குளத்தங்கரையில் என்றாள்.

"எங்கே இருக்கிறது குளம்? உன் கூடைக்குள்ளா?"

"குளம் இருந்த இடம், சாமி. ஊருக்கே தெரியும்."

மேலே திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். பிறகு அவள் கூடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, பேரம்கூடப் பேசாமல் வீடு திரும்பினான். அவன் பெண்டாட்டி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பொங்கலும் வந்தது, மச்சானும் வந்தார். தெற்கு வாசலில் ராஜாவோடு நின்று அவரை எதிர்கொண்ட சட்டையப்பன் பல்லக்கைத் திருப்பி அனுப்பினான்.

"எங்கள் ஊர்ப் பெருமையை நாங்களே சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, ஊராரிடம் வழி கேட்டு நடந்தே வாருங்கள்."

ராஜா அரண்டு போய் அவனை ஓரமாக இழுத்தார். சட்டையப்பன் காதோடு சொன்னான்: "மாட்டு வயசைத் தரகன் சொல்லக்கூடாது, மகாராஜா. வாங்குகிறவனே வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கட்டும். தன் கண்ணால் பார்த்ததை எவனும் மாற்றிப் பேசமாட்டான்."

பிரதானிக்கு ஒரே குஷி. ஊரார் உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்று அவரும் கூடவே நடந்தார். நாலடி பின்னால் சட்டையப்பன்.

மாவலித்தேவர் ஒரு வடைக்காரியிடம் வழி கேட்டார். யானைக் கொட்டடியில் திரும்பி, இடிந்த மண்டபம் தாண்டி, இடது பக்கம் குளத்தை ஒட்டியே போகச் சொன்னாள். அவர் போய்ப் பார்த்தால் யானையும் இல்லை, மண்டபமும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. அடுத்த தெருவில் ஒருவன் பழைய தேரடி என்றான். அங்கே வெண்டைக்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். மச்சானின் நடை மெதுவானது. ஒரு வெறும் திடலைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெற்றிலைக்காரனை நிறுத்தி, இந்த ஊருக்கு என்ன வயசு, அதைச் சொல் என்று அதட்டினார். சட்டையப்பன் துண்டைக் கடித்துக்கொண்டான்.

"அது யாருக்குங்க தெரியும்? நான் வந்தப்பவே பழைய கோட்டைவாசல் இருந்த சுவடே இல்லீங்க."

அவன் வந்தது போன ஆடியில். அதை யாரும் கேட்கவில்லை.

பந்தியில் இலை போட்டார்கள். மாவலித்தேவர் நேரே இரண்டாவது இலையில் போய் உட்கார்ந்தார்.

"என் ஊரில் கட்டினது கட்டினபடியே நிற்கிறது, மாப்பிள்ளை, நேற்றுக் கட்டினது மாதிரி. இங்கே கோட்டைவாசலே மண்ணோடு மண்ணாகிவிட்டது. குளமே தூர்ந்து போக எத்தனை யுகம் ஆகியிருக்கும். இவ்வளவு பழைய ஊரில் என் கால் பட்டதே பாக்கியம்."

ராஜா பாயசத்தை முகத்தருகே தூக்கிப் பிடித்துச் சிரிப்பை மறைத்தார். மச்சான் பல்லக்கு ஏறிப் போனதும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். என்ன வேண்டும், கேள் என்றார்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. என் வீட்டுக்கு வழி சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. முனையில் இருக்கும் பிரதானியார் வீட்டை இடித்துவிட்டால், வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும்."

ராஜா இடிக்கவில்லை. அவனுக்கு முத்துமாலை போட்டதோடு சரி. ஆனால் அரண்மனையில் பேசியது ஊருக்குள் வராமல் இருக்குமா? மறுநாள் காலையிலிருந்து அந்த முனையில் வழி கேட்டவர்களுக்கெல்லாம், "இடிஞ்ச பிரதானி வீட்டுக்குப் பக்கத்தில்" என்றுதான் பதில் வந்தது. மாடி ஜன்னலில் நின்றபடி, "இடியலடா, இடியல" என்று நாகண்ணர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.