தோகைக்குப் பின்னால் இரண்டு முயல்கள்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. படிப்பு முடிகிற அன்று, வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அந்தப் பள்ளிக்கே வந்து, வர விரும்பும் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள்.

அந்த ஆண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மயிலார். மலையுச்சியிலிருந்து காடெங்கும் சேதி அனுப்பும் நிலையம் நடத்துகிறவர். மழை பெய்து வழியெல்லாம் சேறு. ஆனால் அவர் தோகையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை! அவருடைய வேலையாட்கள் இருவர் அதைப் பின்னால் தூக்கிப் பிடித்து வந்தார்கள். அவர்கள் யாரென்று யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் மேலெல்லாம் காதுவரை சேறு.

மற்றவர் நீர்நாயம்மா. மூங்கில் தெப்பத்தில் எல்லோரையும் ஆறு கடத்திவிடுகிறவர். பத்து நாளில் வெள்ளம் வந்துவிடும். அதற்குள் துடுப்புப் போட இன்னும் இரண்டு பேராவது கிடைக்காவிட்டால் தெப்பத்தைக் கரையில் கட்டிவிட வேண்டியதுதான். பிறகு அக்கரைக் குடும்பங்கள் இரை தேட இக்கரைக்கு வரவே முடியாது. போன ஆண்டு அவரிடம் சேர்ந்தது ஆமை மட்டுமே. இம்முறை அந்த ஆமையையும் கூட்டி வந்திருந்தார்.

மயிலார் தோகையை விரிக்க, பின்னால் வந்த இருவரும் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். "என்னிடம் வாருங்கள், வானத்தைத் தொடலாம்! முதல் நாளே ஆளுக்கொரு பீலி!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

நீர்நாயம்மா எழுந்தார். "எனக்கு மேடைப் பேச்சு வராது. இவன் போன வருஷம் என்னிடம் சேர்ந்தவன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்க மாட்டான். ஆற்றோரம் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

பிள்ளைகள் ஆமையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா திட்டுவாரா?" என்று கேட்டது அணில்.

"கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் காது புளிக்கத் திட்டுவார்."

"வேலை கஷ்டமா?"

"முதல் மாதம் ஓடே கழன்றுவிடும்போல வலித்தது. இரண்டாம் மாதம் துடுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒருநாள் தெப்பத்தைச் சுழலில் விட்டுவிட்டேன். கரைக்கு வந்ததும், சுழலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். இப்போது யானைக்குட்டியையே நான் தனியாக அக்கரை சேர்க்கிறேன்!"

கீரிப்பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. நேராக மயிலாரிடம் போனது.

"ஐயா, போன வருஷம் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த முயல் அண்ணன்மார் இருவரும் உங்களிடம்தானே சேர்ந்தார்கள்? அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமா?"

"அவர்களா?" மயிலார் கழுத்தை நிமிர்த்தினார். "தலைக்கு மேல் வேலை! சேதியோடு காடெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்."

விரித்த தோகைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"இங்கேதான் இருக்கிறோம்" என்றது ஒரு குரல்.

கீரிப்பிள்ளை பின்னால் ஓடிப் பார்த்தது. அதற்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, நீங்களா?"

"நாங்கள்தான். ஒரு வருஷமாக இந்தத் தோகையைத்தான் தூக்குகிறோம். இன்றுவரை ஒரு சேதிகூட எங்களிடம் கொடுத்ததில்லை."

"பேசாதே! தோகையைப் பிடி!" என்று கத்தினார் மயிலார்.

"நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று முயல்கள் பிடியை விட்டன. தோகை தொப்பென்று சேற்றில் விழுந்தது.

நீர்நாயம்மா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற இருவரை அடையாளம் தெரியவில்லை.

"யாரப்பா நீங்கள்?"

"ஓடத் தெரிந்தவர்கள் அம்மா. துடுப்புப் போடவும் கற்றுக்கொள்வோம்."

"துடுப்பு இருக்கட்டும். முதலில் போய் ஆற்றில் குளியுங்கள்!"

அந்த ஆண்டு வெள்ளம் கரை புரண்டு வந்தது. தெப்பம் ஒருநாள்கூட நிற்கவில்லை.

நீதி: புதியவர்கள் உன்னை நம்பி வரவேண்டுமானால், முன்பே வந்தவர்களை நன்றாக வைத்துக்கொள்.